ஈர முயலின் குண்டு நாய்

பொறாமைக்காரனை நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் ஒருத்தனைப் பார்க்கிறேனே, அந்த அனுபவம்தான். என் மனைவி பிரெண்டா செவ்வாய்க்கிழமை தோறும் நடன வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு ஜோடி, கசாப்புக்கடை கிளைவ். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக்கு வரும் சாசேஜ் எல்லாம் ரொம்பவே கொழுத்திருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆகவே ஹாரல்ட் பிக்கர்ஸ்கில் தன் கராஜ் கதவைத் திறந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. எழுபது வயது இருக்கும். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் அடுத்ததன் ஓட்டையில் மாட்டியிருந்தது. தூங்காத கண். காலடியில் கட்டி வைத்த பெட்டி.

"வாங்க மிஸ் இபாட்சன். இவர் யாரு?"

"டெஸ் டார்டாஃப். என் உதவியாள். பேசறது அவன் வேலை, யோசிக்கறது என் வேலை" என்றார் மிஸ் இபாட்சன்.

லீட்ஸ் நகரத்தில் தொலைந்த பூனை, ஓடிப்போன புருஷன் எதுவானாலும் எங்கள் மிஸ்ஸிடம்தான் வருவார்கள். ஐம்பது தாண்டியும் ஒரு நரை தெரியாது, பச்சைத் தொப்பி அதைப் பார்த்துக்கொள்ளும். பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். நான் அதிகம் பேசினால் ஒன்று என் வாய்க்கு வரும்.

கராஜில் கார் இல்லை. ஒரு பப் கவுண்டர் இருந்தது. முழுசாக இல்லை, ஒரு ஆள் அகலத்துக்குத்தான். தேய்ந்த மரம், பளபளக்கும் பித்தளைக் கம்பி, பீர் இறைக்கும் ஒற்றைக் கைப்பிடி. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஸ்டூல். ஹாரல்ட் போய் அதில் உட்கார்ந்துகொண்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

'ஈர முயல்' பப்பில் மிச்சம் இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ரிங் ரோடு போட இடித்துத் தள்ளினார்கள். கடைசி முதலாளி ஹாரல்ட். பதினைந்து வருஷம் அவரும் மனைவி டோரீனும் சேர்ந்து நடத்தின பப் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் பறக்கின்றன.

"போன வாரம் தபால்ல இது வந்துச்சு. அனுப்பினவங்க பேர் இல்ல" என்று ஒரு பழைய போட்டோவை நீட்டினார்.

ஈர முயலின் கவுண்டர். பின்னால் நல்ல வாட்டசாட்டமான ஒருத்தன், மாலுமி மாதிரி கை. அவன் தோளை ஒட்டி ஒரு இளம்பெண், விரலில் மோதிரம். அவர்களுக்குப் பின்னே ஜன்னல், அதன் திரை ஒரு மூலையில் தொங்கிப்போயிருந்தது. வலது ஓரத்தில் தரையில் ஒரு நாய். அதை நாய் என்று சொல்வதைவிடக் கால் முளைத்த பீப்பாய் என்று சொல்லலாம்.

படத்தின் பின்பக்கம் பீர் கம்பெனி முத்திரை. அதற்கடியில், 'ஈர முயல் முதலாளி லென் அக்ராய்ட், மனைவியுடன்.'

"அந்த மனைவி என் மனைவி" என்றார் ஹாரல்ட்.

"ஒரே பொண்ணு ரெண்டு முதலாளிக்கு மனைவியா? கடையோட சேர்த்துக் கைமாத்தினாங்களா சார்?"

புதினா மிட்டாய் வந்துவிட்டது. வாயில் போட்டுக்கொண்டேன்.

"டோரீனைக் கேட்டீங்களா?" என்றார் மிஸ்.

"கேட்டேன். 'நீயே கண்டுபிடிச்சுக்கோ'ன்னு சொல்லிட்டு சிரிக்கிறா. சிரிக்கிறா மிஸ். லென் எனக்கு முந்தின முதலாளி. அவ அங்க பார்ல வேலை பார்த்தான்னு தெரியும். பொண்டாட்டியா இருந்தான்னு ஒருத்தரும் சொல்லல. முப்பது வருஷத்துக்கு மேல அவன் எச்சில் பாத்திரத்துல நான் சாப்பிட்டிருக்கேனா? எனக்கு நெஞ்செல்லாம் எரியுது. உண்மைன்னு நீங்க சொல்லிட்டா, சாயங்காலம் பஸ்ஸப் புடிச்சு விட்பியில என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

மிஸ் படத்தின் நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். அப்புறம் ஸ்டூலைப் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் உட்காருவீங்களா?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் சும்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

*

ஈர முயலில் டோரீனோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் நடமாடுவது ஹில்டா ராக் ஒருத்திதான். மதியத்தில் அவளைப் பார்க்க வேண்டுமானால் பிங்கோ அரங்குக்குத்தான் போக வேண்டும். மேடையில் ஒருவன் நம்பர் கூப்பிட, நூறு கிழவிகள் மூச்சுப்பிடித்து அட்டையில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் கூப்பிடறப்ப வாயத் தொறந்தீங்க, இந்தப் பேனாவால குத்திடுவேன் கண்ணு" என்றாள் ஹில்டா. யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் கண்ணுதான். "நடுவுல நடுவுல கேளுங்க."

"ஈர முயல் முதலாளிங்களப் பத்திச் சொல்லுங்க."

"அத ஏன் கேக்கறீங்க. அந்தப் பப்புல குடியேறினவனுக்கெல்லாம் பொண்டாட்டி மேல சந்தேகம். செவுத்துலயே அந்த வியாதி இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். முதல் முதலாளி ஒபதையா கிராப்ட்ரீ. பொண்டாட்டிய யாரும் கழுத்துக்குக் கீழ பாக்கக் கூடாதுன்னு கவுண்டரையே ஒசத்திக் கட்டினான். குள்ளமா வர்றவனெல்லாம் கைய மேல நீட்டித்தான் பீர் வாங்கணும்."

மேடையில் நம்பர் விழுந்தது. ஹில்டா பார்க்காமலே குத்தினாள்.

"அப்புறம் சைலஸ் மாஸப். தெருவுல போறவன் உள்ள பாக்கறான்னு ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளையடிச்சான். வெளியில இருந்து பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அவன் செத்ததும் அவன் பொண்டாட்டி நடத்துனா. அவ புருஷனுக்கு மேல. பார்ல வேலைக்கு லட்சணமான பொண்ணு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவா. என்னைய உடனே சேர்த்துக்கிட்டா. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு."

"லென் அக்ராய்டு?" என்றார் மிஸ்.

"அவனுக்குப் பொறாமையே கெடையாது. பொண்டாட்டி இருந்தாத்தானே."

நானும் மிஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் இன்னொரு நம்பர். பேனா முனையை ஹில்டா என் பக்கம் திருப்பிப் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

மிஸ் போட்டோவை எடுத்து அட்டைமேல் வைத்தார். ஹில்டா உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அடப்பாவமே, இது இன்னும் இருக்கா? பீர் கம்பெனிக்காரன் கல்யாணமாகாதவனுக்குப் பப்பைக் குத்தகைக்குக் குடுக்க மாட்டான் கண்ணு. சமைக்க, கூட்டிப் பெருக்க, கஸ்டமர்கிட்ட சிரிக்க, சம்பளமில்லாம ஒரு ஆள் வேணும்ல. லென் என்ன பண்ணான், பொண்டாட்டி ஊர்ல ஒடம்பு சரியில்லாத அம்மாகிட்ட இருக்கான்னு கதை விட்டுக் குத்தகைய வாங்கிட்டான். ஒருநாள் கம்பெனி ஆபீசர் போட்டோக்காரனோட வந்து நின்னுட்டான். லென் சமையக்கட்டுக்கு ஓடி வந்தான். 'டோரீன், ஒரு மணி நேரத்துக்கு எனக்குப் பொண்டாட்டியா இரு'ன்னு காலப் புடிக்காத குறை."

"மோதிரம்?"

"நான்தான் குடுத்தேன். ஜன்னல் திரையில இருந்து வளையத்தக் கழட்டி."

மிஸ் படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஜன்னல் திரை ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"லென் காதலிச்சதெல்லாம் ரேஸ் குதிரைகளத்தான்" என்றாள் ஹில்டா. "கொஞ்ச நாள்ல ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிட்டான். டோரீன் எந்நேரமானாலும் அவங்கம்மா வீட்டுக்குத்தான் போவா. அப்ப டிராம் கண்டக்டரா இருந்த ஹாரல்டுதான், கடை மூடற வரைக்கும் ஸ்டூல்ல இருந்துட்டு, தெனம் கூடவே நடந்து போய் விட்டுட்டு வருவான். இப்பப் போங்க, கடைசி வரிசை வரப்போகுது."

*

மிஸ்தான் கார் ஓட்டினார். என் ஓட்டம் அவருக்குப் பிடிக்காது. அவர் ஓட்டம் லீட்ஸில் யாருக்கும் பிடிக்காது.

"கேஸ் முடிஞ்சது மிஸ். திரை வளையம், பொய்ப் பொண்டாட்டி. ஹாரல்டு பெட்டியப் பிரிச்சுடலாம். நான் வீட்டுக்குப் போறேன், இன்னைக்கு செவ்வாய்க்கிழமை."

"யார் அனுப்பினது டெஸ்?"

"யாராவது பொறாமை புடிச்சவனா இருக்கும்."

"அதேதான். ஆனா அவனில்ல. ஓரத்தைத் தடவிப் பாரு."

தடவினேன். அந்தக் காலத்துப் போட்டோ ஓரமெல்லாம் அலை அலையாக இருக்கும், உங்களுக்கே தெரியும். மூன்று பக்கம் அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் மட்டும் விரலைக் குத்தியது. அலை இல்லை, கூர்மையான பல்.

"யாரோ ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்காங்க. வெட்டினது தெரியக் கூடாதுன்னு பல் பல்லா வெட்டற தையல் கத்தரிக்கோலை எடுத்திருக்காங்க. சரி, அந்த நாய் எதைப் பாக்குது?"

நாய் கேமராவைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, வெட்டுப்பட்ட பக்கம் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்க யாரோ உட்கார்ந்திருந்தாங்க" என்றேன்.

"தினமும் அங்க உட்கார்ந்தது யாரு?"

"ஹாரல்டேவா?"

"படத்துல ஹாரல்டு இருந்தா என்ன ஆகும்? தான் அங்க வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுத்த படம் இதுன்னு அவருக்கே தெரிஞ்சுடும். அந்த நாள்ல டோரீன் யார் வீட்டுக்குப் போனான்னும் தெரியும், கூட நடந்தவர் அவர்தானே. அவரை வெட்டி எடுத்துட்டா, தனக்கு முன்னாடி நடந்த கதைன்னு நினைச்சு வெந்து சாவாரு. அவர் வெந்து சாகணும்னு யாரோ ஆசைப்பட்டிருக்காங்க."

"யாரு?"

"தைக்கத் தெரிஞ்சவங்க" என்று சொல்லி, சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் கடந்தார்.

*

டோரீன் கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தாள். அறுபதைத் தாண்டியும் நிமிர்ந்த நடை. தையல் அறை முழுக்கப் பாதி தைத்த திரைச்சீலைகள். தரையில் கிடந்த துண்டுத் துணியெல்லாம் பல் பல்லாக வெட்டியிருந்தது. மிஸ் குனிந்து ஒன்றை எடுத்தார். மேஜைமேல் போட்டோவை வைத்து, அதன் ஓரத்தில் துணியைச் சேர்த்து வைத்தார். பல்லோடு பல் கச்சிதமாகப் பொருந்தியது.

டோரீன் அதையே பார்த்தாள். "கண்டுபிடிக்க ஒரு வாரமா? நான் மறுநாளே தெரிஞ்சுடும்னு நெனச்சேன்."

"எதுக்கும்மா இப்படி?" என்றேன். உண்மையாகவே கோபம் வந்தது. "அந்த மனுஷன் பொத்தான் கூட ஒழுங்காப் போட முடியாம உட்கார்ந்திருக்காரு. இந்த வயசுல அவர் நெஞ்சு நின்னிருந்தா? பொறாமைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா தெரியாது?" என்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓரடி பின்னால் போனேன். "அந்தப் பப்புல இருந்த எல்லா முதலாளியும் பொண்டாட்டி மேல பொறாமைப்பட்டான். ஒருத்தன் கவுண்டர ஒசத்தினான், ஒருத்தன் கண்ணாடிய மறைச்சான். என் ஆளு மட்டும்தான் எதுவுமே பண்ணல. குடிகாரன் எவனாவது என் கையப் புடிச்சாக்கூட, கிளாஸத் தொடைச்சுக்கிட்டு நிப்பாரு. ஏன் தெரியுமா? அவரு என்னைக் கட்டிக்கல. பப்பைக் கட்டிக்கிட்டாரு."

"என்ன சொல்றீங்க?" என்றார் மிஸ்.

"லென் கப்பலேறின அதே வாரம் என்கிட்ட வந்து கேட்டாரு. அது வரைக்கும் ஸ்டூல்ல உட்கார்ந்து வாயே தொறக்காத மனுஷன். கல்யாணமானவனுக்குத்தான் குத்தகை. பொண்டாட்டின்னு ஒருத்தி வேணும், நான் கையருகே இருந்தேன். லென் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டான், இவரு ஆயுசுக்கும் கேட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம்." அளவு நாடாவை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். "பப்பை இடிச்சாங்க. சனியன் ஒழிஞ்சுதுன்னு நான் சந்தோஷப்பட்டேன். இவரு போய்க் குப்பையில இருந்து கவுண்டரத் தூக்கிட்டு வந்து கராஜ்ல வெச்சாரு. தெனம் அதோடதான் குடித்தனம். அன்னையில இருந்து ஒரு சொட்டு பீர் தொடல. செத்த பொண்டாட்டிக்குக்கூட எவனும் இப்படி விரதம் இருக்க மாட்டான். ஒரே ஒரு தடவையாவது எனக்காக வயிறு எரியட்டும்னு அனுப்பினேன். எரியுதுல்ல? எரியட்டும்."

ஒரு பெண் கல்லையும் மரத்தையும் பார்த்து முப்பது வருஷம் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிளைவாவது உயிருள்ள ஆள்.

மிஸ் மட்டும் நிதானமாக நாயைச் சுட்டிக்காட்டினார். "இது பேரு என்ன?"

"மேஜர். லென்னோட நாய். விட்டுட்டுப் போயிட்டான்."

"நல்லா சாப்பிடுமோ?"

"லென் இருந்தப்ப பாருங்களேன், எப்படி இருக்கு. சாயங்காலமானா நேரா நடக்கக்கூட வராது, அவ்வளவு பெருத்துப் போயிருந்துச்சு. இவரு முதலாளி ஆனாரு, சில மாசத்துல விலா எலும்பு தெரிஞ்சுது. நாய்க்குப் போடற சோத்துல கூடக் கஞ்சத்தனம்."

"அந்த நாய் பெருத்தது சோத்துனால இல்ல டோரீன். அந்த வெட்டின துண்டு எங்க?"

டோரீன் தயங்கினாள். அப்புறம் கைப்பையின் உள்ளறையிலிருந்து எடுத்தாள். புருஷன் வெந்து சாகட்டும் என்று படத்தை அனுப்பியவள், அவன் முகம் இருந்த துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் இரண்டையும் சேர்த்து வைத்தார். ஸ்டூலில் ஒரு இளைஞன், டிராம் கண்டக்டர் உடுப்பு. அவன் முன்னால் விளிம்பு வரை நிறைந்த பீர் கிளாஸ். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவன் டோரீனைப் பார்க்கிறான். நாய் கிளாஸைப் பார்க்கிறது.

"கவுண்டருக்குப் பின்னால நிக்கறவனுக்குக் கஸ்டமர் 'நீங்களும் ஒண்ணு குடிங்க'ன்னு வாங்கிக் குடுப்பான். அவன் 'அப்புறம் குடிச்சுக்கறேன்'னு சொல்லி ஓரமா வெச்சுடுவான். எந்தப் பப்புலயும் அதான் வழக்கம். அதனால முதலாளி குடிக்கலன்னா யாருக்கும் சந்தேகம் வராது, பொண்டாட்டிக்குக்கூட" என்றார் மிஸ். "ஆனா அதுக்கு முன்னாடி, கஸ்டமரா வந்தப்ப? அவர் கிளாஸ் தெனம் காலியாச்சே, யாரு குடிச்சா? அவரு ஸ்டூல விட்டுக் கவுண்டருக்குப் பின்னால போனதும் எளைச்சது யாரு?"

டோரீன் படத்திலிருந்த மேஜர்மேல் விரலை வைத்தாள்.

"டெஸ், போட்டோவ எடுத்துக்கோ" என்றார் மிஸ்.

*

ஹாரல்ட் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார், பெட்டி கையில். நான் இரண்டு துண்டையும் கவுண்டர்மேல் சேர்த்து வைத்தேன். திரை வளையத்தின் கதையை மிஸ் ரெண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் கேட்டாரா தெரியவில்லை. வாசலில் நின்ற டோரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா அனுப்பின?"

"நான்தான். நீ பீர் குடிக்க மாட்டியா ஹாரல்டு?"

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. எழுபது வயதில் கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"அப்பா சர்ச்சுல பிரசங்கம் பண்ணுவாரு. வீட்டுல வாடையே கூடாது. இப்பவும் அந்த வாடை அடிச்சாக் குமட்டும்."

"குமட்டுமா? பதினஞ்சு வருஷம் பீர்க் குழாயைக் கழுவின மனுஷன். பீரே ஆகாதவனுக்கு எதுக்குய்யா பப்பு?"

"அங்கதானே நீ இருந்த."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மணி கேட்டால் சொல்வது மாதிரி.

"லென் போயிட்டான். புது முதலாளி யாராவது வந்தா உன்னை வேலையவிட்டு அனுப்பிடுவான்னு பயம். பிளாக்பூல்ல உன் சித்தி கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ போயிட்டா நான் எங்க போய் உட்காருவேன்? நானே எடுத்துட்டா நீ அங்கயே இருப்பன்னு தோணுச்சு."

"குடிகாரனுங்க என் கையப் புடிச்சப்ப ஏன் சும்மா நின்ன?"

"சும்மா நின்னேன்னு யாரு சொன்னா? எத்தனை கிளாஸ் என் கையில உடைஞ்சிருக்கு, எண்ணியிருக்கியா?" அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "எரிஞ்சுக்கிட்டேதான் இருந்தேன். வெளிய காட்டினா சைலஸ் மாஸப் மாதிரி ஊரே சிரிக்கும்னு அடக்கிக்கிட்டேன். கராஜ்ல மட்டும் என்ன? நீ நின்ன இடம் மட்டும்தான் வேணும்னு, அவ்வளவு நீளத்துக்குத்தான் அறுத்து எடுத்துட்டு வந்தேன்."

"உயிரோட ஒருத்தி வீட்டுக்குள்ள இருக்கேன். அவள விட்டுட்டு வெறும் எடத்தப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, உனக்கு மூளையிருக்கா?"

"நீ கதவைச் சாத்திக்கிட்டு தைச்சுக்கிட்டே இருப்ப. நான் என்னன்னு வந்து நிக்கிறது?"

டோரீன் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து ஆணியில் மாட்டினாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றாள். படத்தில் நின்ற அதே இடம். பித்தளைக் கம்பியில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன வேணும் சார்?" என்றாள்.

"வழக்கம்போல" என்றார் ஹாரல்ட்.

அலமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருந்த ஒரே பீர் பாட்டிலை எடுத்து, கிளாஸின் விளிம்பு வரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். ஹாரல்டின் மூக்கு சுருங்கியது.

"மேஜர் செத்து எவ்வளவோ வருஷமாச்சு. இத யாரு குடிக்கறது?" என்றாள்.

மிஸ் இபாட்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் போய் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஹாரல்ட் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பாமல், கையை மட்டும் தாழ்த்திக் கிளாஸை என்னிடம் நீட்டினார். ரொம்பப் பழகின கை. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.